தம்பி எப்ப வெளியில வருவான்? ஆளாளுக்கு ஒரு திகதி சொல்றாங்க, சரியான திகதியை யார்கிட்ட கேக்கிறது?

உவர்மலை_அக்கா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், தெரிஞ்ச ஆக்கள் பொறுமையா வாசிச்சுச் சொல்லுங்க.

என்ட தம்பி லீசிங் கம்பெனி ஒண்டில கலெக்ஷன் வேலை பாத்தவன். ஆக்கள்கிட்ட வாங்கின தவணைக் காசைக் கட்டாம விட்டு கேஸ் ஆகி, கடைசியில குற்றத்தை ஒத்துக்கொண்டான். சரி பிழை கதைக்க இங்க வரல்ல, செஞ்சதுக்குத்தான் உள்ளுக்கு இருக்கான். 2025 மார்ச் 10ஆம் திகதி திருகோணமலைக் கோட்டில தண்டனை குடுத்தாங்க. ரெண்டு குற்றச்சாட்டு, ஒவ்வொண்டுக்கும் ஒண்டரை வருசம் கடூழியம், ஒவ்வொண்டுக்கும் தண்டப்பணம் வேற, அது கட்டாட்டி மூண்டு மூண்டு மாசம், கம்பெனிக்கு நட்டஈடு கட்டச் சொன்னாங்க, அதுவும் கட்டாட்டி ஆறு மாசம். அதுக்கு முதல் அஞ்சு மாசம் ரிமாண்ட்ல இருந்தவன். முதல்ல இங்க டவுன் சிறையிலதான் இருந்தான், பிறகு வேற மாவட்டத்துக்கு மாத்திட்டாங்க, இப்ப பாக்கப் போறதெண்டா விடியக்காத்தால பஸ் ஏறணும்.

இப்ப பிரச்சினை என்னெண்டா திகதி. லோயர்ட கிளார்க் சொல்றார் 2026 செப்டம்பர் எண்டு. தம்பியோட உள்ளுக்கு இருந்து வெளியில வந்த ஒரு பொடியன் வீட்ட வந்து அம்மாட்ட "பயப்பிடாதீங்க அம்மா வெசாக் பொதுமன்னிப்போட விட்டிருவாங்க" எண்டு சொல்லிட்டுப் போய்ட்டான். போன முறை பாக்கப் போகேக்க கேட்ல நிண்டவர் கம்பியூட்டரைப் பாத்தாரோ என்னத்தைப் பாத்தாரோ, 2027 செப்டம்பர் எண்டார். போன் அடிச்சுக் கேப்பம் எண்டா எடுக்கிறாங்களே இல்ல, எடுத்தாலும் சிங்களத்தில ஏதோ சொல்லிட்டு வச்சிருவாங்க.

அம்மா கோணேசர் கோயிலுக்கு நேத்தி வச்சிருக்கா, அவட கண்ணும் சரியில்ல, ஒவ்வொரு நாளும் எப்ப எப்ப எண்டு என்னைத்தான் கேக்கிறா. அவன்ட பொண்சாதி பிள்ளைய ஸ்கூலுக்குப் போடுறதா வெளிநாடு போறதா எண்டு முடிவெடுக்க முடியாம இருக்கு. ஒரு வருச வித்தியாசம் எண்டா சும்மாவா. யாருக்காவது இதில அனுபவம் இருந்தா சொல்லுங்க, எந்தத் திகதிய நம்புறது, எங்க போய்க் கேட்டா எழுத்தில தருவாங்க?

---

மூதூர்_துறையடி:

அக்கா வெளியில வாற பொடியங்க சொல்ற திகதிய மட்டும் நம்பாதீங்க. உள்ளுக்கு ஒவ்வொருத்தனும் ஒரு கணக்கு வச்சிருப்பான், அதில பாதி ஆசை. என்ட மச்சான் விசயத்திலயும் இதேதான், "நத்தாருக்கு வந்திருவார்" எண்டு எல்லாரும் சொல்லி வீட்டுக்கு பெயின்ட் எல்லாம் அடிச்சு வச்சம்.

---

பழைய கோட்டுக்காரன்:

தங்கச்சி, நான் கோட்டு ரெஜிஸ்ட்ரியில நெடுங்காலம் வேலை செஞ்சு பென்சன் எடுத்த ஆள். நீங்கள் எழுதினதை வாசிக்கவே விளங்குது, உங்களுக்குச் சொன்ன மூண்டு பேரும் பொய் சொல்லேல்ல, மூண்டு பேரும் மூண்டு விதமாக் கணக்குப் பாத்திருக்கினம். ஒரு பேப்பரும் பேனையும் எடுத்துக்கொண்டு இருங்கோ.

முதல் விசயம், ரெண்டு குற்றச்சாட்டுக்கும் ஒண்டரை ஒண்டரை வருசம் எண்டால் அது ஏககாலத்தில அனுபவிக்கிறதா, ஒண்டு முடிய மற்றதா. இதுதான் முழுக் கணக்குக்கும் அத்திவாரம். ஏககாலம் எண்டு நீதவான் சொல்லியிருந்தால் மொத்தம் ஒண்டரை வருசம்தான், 2025 மார்ச்சில இருந்து எண்ணினால் 2026 செப்டம்பர். கிளார்க் சொன்னது இந்தத் திகதி, அவர் தண்டப்பணத்தையும் நட்டஈட்டையும் நீங்கள் கட்டிப்போட்டியள் எண்டு நினைச்சிருக்கிறார், இல்லாட்டி அதை யோசிக்கவே இல்லை.

அடுத்தது தண்டப்பணம். கட்டாட்டி மூண்டு மாசம் எண்டது பிரதான தண்டனைக்குள்ள கரைஞ்சு போகாது, அது முடிஞ்ச பிறகு மேலதிகமா இருக்கவேணும். ரெண்டு தண்டப்பணத்துக்கும் மூண்டு மூண்டு மாசமும் நட்டஈட்டுக்கு ஆறு மாசமும் கூட்டினால் பன்னிரண்டு மாசம். இப்ப 2026 செப்டம்பரோட ஒரு வருசத்தைக் கூட்டுங்கோ. கேட்டில நிண்டவர் சொன்ன 2027 செப்டம்பர் வருதா? அவர் பாத்தது காசு ஒண்டும் கட்டாத கணக்கு. அப்ப நான் ஊகிக்கிறது, உங்கட வீட்டில இன்னும் ஒண்டும் கட்டேல்ல. சரியோ?

ஆனா ஏககாலம் எண்ட சொல் தீர்ப்பில இல்லாமல் ஒண்டன்பின் ஒண்டு எண்டு இருந்தால், மூண்டு வருசமும் ஒரு வருசமும், 2029 மார்ச்சுக்குப் போயிடும். சிறைக்காரர் 2027 எண்டு சொன்னபடியால் அவையின்ர கையில இருக்கிற வாரண்டில, அதாவது கோட்டில இருந்து சிறைக்குப் போன தண்டனைக் கட்டளையில, ஏககாலம் எண்டுதான் இருக்கும் எண்டு நினைக்கிறன். எண்டாலும் நினைக்கிறதில சீவிக்க ஏலாது, பாத்து உறுதிப்படுத்துங்கோ.

எங்க பாக்கிறது எண்டால் சிறையில இல்லை, முதல்ல கோட்டில. வழக்கு இலக்கத்தைக் கொண்டு போய் தண்டனைக் கட்டளையின்ர சேர்ட்டிபைட் கொப்பி ஒண்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி லோயரிட்டச் சொல்லுங்கோ. வடக்கு கிழக்கில கோட்டு மொழி தமிழ், ஆகையால தீர்ப்பு உங்களுக்கு வாசிச்சு விளங்கிற மாதிரித்தான் இருக்கும். நீதவான் திறந்த கோட்டில வாயால சொன்னது ஒண்டு, வழக்கேட்டில எழுதினது ஒண்டு, சிறைக்குப் போன வாரண்டில ரைப் பண்ணினது ஒண்டு. மூண்டும் ஒண்டா இருக்கவேணும். இல்லாத சந்தர்ப்பங்களை நான் என்ர கண்ணால கண்டிருக்கிறன், "ஏககாலத்தில்" எண்ட ஒரு சொல் வாரண்டில விடுபட்டால் சிறைச்சாலை தன்ர பாட்டில திருத்தாது, திருத்தவும் ஏலாது. லோயர் மோஷன் (கோட்டுக்கு எழுத்தில குடுக்கிற விண்ணப்பம்) போட்டு கோட்டில இருந்து திருத்தின வாரண்ட் போகவேணும்.

ரிமாண்டில இருந்த அஞ்சு மாசம் தன்பாட்டில கழியும் எண்டு கனபேர் நினைக்கினம். அப்பிடியில்லை. தண்டனை குடுக்கேக்க நீதவான் அதைக் கருத்தில எடுத்து கட்டளையில எழுதியிருக்கவேணும். எழுதியிருந்தால் நல்லது, இல்லாட்டி தண்டனை தீர்ப்புத் திகதியில இருந்துதான் ஓடும்.

இனி நன்னடத்தைக் கழிவு. ஒழுங்கா இருந்தால் சிறைச்சாலை விதிப்படி தண்டனையில ஒரு பகுதி கழியும், உள்ளுக்குச் சண்டை, போன் பிடிபட்டது எண்டு ஏதும் குற்றம் வந்தால் கழிஞ்சது திரும்பவும் ஏறும். ஆகையால சிறையில எப்பவும் ரெண்டு திகதி இருக்கும், எல்லாக் கழிவும் கிடைச்சால் விடக்கூடிய முந்தின திகதி, ஒண்டும் கிடைக்காட்டி வாற கடைசித் திகதி. நீங்கள் கேக்கேக்க "எப்ப விடுவீங்க" எண்டு கேட்டால் ஆர் எதைச் சொல்லுவினமோ தெரியாது. "முந்தின திகதி என்ன, கடைசித் திகதி என்ன, தண்டப்பணம் கட்டினால் ரெண்டும் என்னவா மாறும்" எண்டு கேளுங்கோ. அப்பதான் கேக்கிறவருக்குக் கணக்குத் தெரியும் எண்டு நினைச்சு புத்தகத்தைத் திறப்பினம்.

---

உவர்மலை_அக்கா:

ஐயா நீங்க சொன்னது அப்பிடியே சரி, இன்னும் ஒரு சதமும் கட்டல்ல. உண்மையச் சொன்னா அது கட்டாட்டி தனியா இருக்கணும் எண்டதே எங்களுக்கு விளங்கல்ல, எல்லாம் ஒண்டரை வருசத்துக்குள்ள அடங்கும் எண்டுதான் நினைச்சம். இப்ப கட்ட ஏலுமா? ஒரேயடியா முழுக்கக் கட்டணுமா? அம்மாட காப்பு ஒண்டு அடைவில இருக்கு, அதை மீட்டு வித்தா தண்டப்பணத்துக்கு வரும், நட்டஈடு கஷ்டம்.

---

பழைய கோட்டுக்காரன்:

கட்டலாம், எப்பவும் கட்டலாம். அது தண்டப்பணம் கட்டாததுக்கான சிறைதான், காசு வந்த உடன அந்தச் சிறை முடியும். ஒரு பகுதியைக் கட்டினால் அந்த விகிதத்துக்கு நாள் குறையும், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலயே, 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கச் சட்டம், அதுக்கு இடம் இருக்கு. ஆகையால காப்பை வித்து முதல்ல ரெண்டு தண்டப்பணத்தையும் முடியுங்கோ, ஆறு மாசம் போயிடும். நட்டஈட்டுக்கு லோயரோட கதைச்சு கம்பெனிக்காரரிட்ட தவணைக்குச் சம்மதம் கேக்கலாமோ பாருங்கோ, அவைக்கும் ஆள் உள்ளுக்கு இருக்கிறதைவிட காசு வாறதுதான் லாபம்.

ஒரு விசயம் முக்கியம். கோட்டில கட்டின உடன ரசீதை வாங்கி அலுமாரியில வைக்காதேங்கோ. கட்டின அறிவித்தல் கோட்டில இருந்து சிறைக்குப் போகவேணும், தம்பி இப்ப வேற மாவட்டத்தில எண்டபடியால் அது பழைய சிறைக்குப் போய் அங்கயே கிடக்கவும் கூடும். ரசீதில ரெண்டு மூண்டு போட்டோகொப்பி அடிச்சு ஒண்டை அடுத்த முறை போகேக்க ரெக்கோட் பக்கம் குடுத்து, ஒறிஜினலையும் காட்டி, பதிஞ்சாச்சோ எண்டு கேட்டுக்கொண்டு வாங்கோ. பிரதான தண்டனை முடியிற கிழமையில ஓடிப்போய்க் கட்டினால் சனி ஞாயிறு போயா எண்டு இழுபடும்.

---

கந்தளாய்_வீதி:

ஐயா சொன்னதோட ஒண்டு சேக்கிறன், ஏனெண்டா எங்களுக்கு இடி விழுந்தது இதில. உங்கட தம்பிக்கு வேற ஏதும் வழக்கு இருக்கா பாருங்க. என்ட அவர் விடுதலை ஆகிற நாள், வேன் பிடிச்சு, புது சாரம் சேட் எல்லாம் கொண்டு போய் காலமைல இருந்து கேட்டடியில நிக்கிறம், ஒவ்வொருத்தரா பொலித்தீன் பையோட வெளியில வாறாங்க, இவரைக் காணல்ல. பன்னிரண்டு மணி தாண்டித்தான் ஒருத்தர் வந்து சொல்றார், இன்னொரு கோட்டில பழைய பிடியாணை இருக்காம், அங்க ஆஜராக்கிற மட்டும் விட ஏலாதாம். என்ன வழக்கெண்டு பாத்தா எப்பவோ லைசன்ஸ் இல்லாம மோட்டச்சைக்கிள் ஓடின கேஸ், தவணைக்குப் போகாம விட்டது. அவரே மறந்துட்டார். அந்தச் சின்ன விசயத்துக்குத் திரும்ப ரிமாண்ட், பிறகு கோட், பிறகு தண்டம் கட்டி எடுத்தம்.

அதனால அக்கா, தம்பிகிட்டயே கேளுங்க, கந்தளாயோ மூதூரோ வேற எங்கயாவதோ பழைய தவணை, பழைய பிணை, ஆருக்காவது கையெழுத்து வச்சது, மெயின்டனன்ஸ் கேஸ், ஒத்திவச்ச தண்டனை ஏதும் இருக்கா எண்டு. ஒத்திவச்ச தண்டனை இருந்தா அது இன்னும் பெரிய தலையிடி, புதுக் குற்றத்தில தண்டனை வந்தா பழசு திரும்ப எழும்பும். இப்பவே லோயரை வச்சு அந்தந்தக் கோட்டில முடிச்சா கடைசி நாள் அழத் தேவையில்ல.

---

உவர்மலை_அக்கா:

ஐயோ அக்கா. கம்பெனி மோட்டச்சைக்கிள்ல ஓடித் திரிஞ்சவன், போலீஸ் தண்டம் எழுதினது எல்லாம் இருக்கும், கட்டினானா எண்டு யாருக்குத் தெரியும். கேக்கிறன்.

---

கிண்ணியா_பாலம்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். மொழிப் பிரச்சினைக்கு நான் சொல்றன், எங்கட நானாட விசயமா நான் அலைஞ்சு திரிஞ்சவன்.

போன்ல கேட்டுச் சரிவராது. அவங்களுக்கு நீங்க யாரெண்டே தெரியா, போன்ல வாற எல்லாருக்கும் கைதிட விவரம் சொல்லவும் கூடாது, அதில அவங்க பக்கமும் ஞாயம் இரிக்கு. நேர போகக்குள்ள அடையாள அட்டை, தம்பிட முழுப்பேர் இங்கிலீஸ்ல எழுத்துப் பிழையில்லாம, அவர்ட கைதி இலக்கம், வழக்கு இலக்கம், எந்தக் கோட், தண்டனைத் திகதி, இதெல்லாம் ஒரே துண்டில எழுதிக்கொண்டு போங்க. பேர்தான் பெரிய கரைச்சல். நம்மட பேரை சிங்களத்தில எழுதி அதைத் திரும்ப இங்கிலீஸ்ல எழுதக்குள்ள வேற ஆளாயிரும், எங்கட நானாட வாப்பாட பேரை முன்னுக்குப் போட்டு வேற எழுத்தில தேடினா "அப்பிடி ஆள் இல்ல"தான் வரும். இலக்கம் இருந்தா அந்தப் பிரச்சினை இல்ல.

கேட்ல நிக்கிறவர்கிட்ட திகதி கேக்காதீங்க, அவர்ட வேலை அது இல்ல. வெல்பெயார் ஒபிசரைச் சந்திக்கணும் எண்டு கேளுங்க, நலன்புரி உத்தியோகத்தர். குடும்ப விசயம், காசு கட்டுற விசயம் எல்லாம் அவர்கிட்டதான் கதைக்கணும், அவர் ரெக்கோட் ரூமில கேட்டுச் சொல்லுவார். தமிழ் தெரிஞ்ச ஒபிசர் இருந்தா கேட்டுப் பாருங்க, வெக்கப்பட வேணாம். அப்பிடி ஆளில்லாட்டி கடிதம்தான், தமிழ்ல எழுதலாம், அரசாங்கத் திணைக்களத்தோட தமிழ்ல தொடர்பு கொள்ற உரிமை அரசியலமைப்பில இரிக்கு. ஆனா நடைமுறையில சிங்களத்தில ஒரு பக்கம் சேத்து வச்சா பதில் சுறுக்கா வரும், இதை உரிமைய விட்டுக்குடுக்கிறதா நினைக்க வேணாம், சுறுக்கா வேலை ஆகட்டும் எண்டுதான்.

கடிதத்துக்கும் பதில் வராட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டம் (RTI), 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கம். சிறைச்சாலைத் திணைக்களத்துக்கும் தகவல் உத்தியோகத்தர் இரிக்கார். ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். விண்ணப்பிக்கிற ஆள்டயே உயிர், தனிப்பட்ட சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலெண்டா 48 மணித்தியாலத்துக்குள்ள பதில் குடுக்கணும் எண்டும் அதே சட்டத்தில இரிக்கு, தம்பியே தன்ட பேர்ல விடுதலைத் திகதி கேட்டா அந்த வசனத்தை விண்ணப்பத்தில குறிப்பிட்டு எழுதலாம். நீங்க கேக்கிறதெண்டா ஒரே ஒரு விசயம், மத்த ஆள்ட தனிப்பட்ட விவரம் எண்டு மறுக்கவும் இடம் இரிக்கு, அதனால தம்பிட கையெழுத்தோட "என்ட அக்காவுக்கு என்ட தண்டனை விவரத்தைக் குடுக்கச் சம்மதம்" எண்டு ஒரு கடிதம் வெல்பெயார் ஒபிசர் மூலமா எடுத்து விண்ணப்பத்தோட சேத்திருங்க. மறுத்தா மேன்முறையீடு அதே திணைக்களத்தில குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு, அதுக்குப் பிறகு கொழும்பில தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு.

நான் RTI போட்டதில்ல எண்டா பொய், போட்டன், ஆனா அந்தப் பதில் வாறதுக்கு முன்னமே வெல்பெயார் ஒபிசர் சின்னத் துண்டு ஒண்டில ரெண்டு திகதியையும் எழுதித் தந்திட்டார். பச்சை மையால. அந்தத் துண்டை எங்கட உம்மா குர்ஆனுக்குள்ள வச்சிருந்தா.

---

டொரன்டோ_திருமலையான்:

இந்த நாட்டுக்காரங்க இதில எவ்வளவோ பின்தங்கி, அமெரிக்காவில பெடரல் சிறை எண்டா வெப்சைட்ல பேரையோ எட்டு இலக்க நம்பரையோ அடிச்சா ஆள் எங்க இருக்கார், எப்ப விடுதலை எண்டு அந்த இடத்திலயே காட்டும். என்ட பிரண்ட் ஒருத்தன்ட சொந்தக்காரரை அப்பிடித்தான் தேடிப் பாத்தம். ஒன்லைன்ல போடுறதுக்கு என்ன கஷ்டம்?

---

கிண்ணியா_பாலம்:

அது நல்ல விசயம்தான் ப்ரோ, ஆனா அங்கயும் அந்தத் திகதி கல்லில எழுதினது இல்ல. நன்னடத்தைக்கு வருசத்துக்கு 54 நாள் வரைக்கும் கழிப்பாங்க, அது குறைஞ்சா திகதியும் மாறும். மாநிலச் சிறைகளுக்கு வேற வேற வெப்சைட். கிண்ணியாவில இருக்கிற ஒரு உம்மாவுக்கு வெப்சைட்ட விட தமிழ்ல பதில் சொல்ற ஒரு ஆள் கவுண்டர்ல இருந்தாலே காணும்.

---

மூதூர்_துறையடி:

இன்னொண்டு சொல்ல மறந்திட்டன். வெசாக் கதை. பொதுமன்னிப்பு லிஸ்டில பேர் போடுறம் எண்டு போன் எடுத்துக் காசு கேக்கிற கூட்டம் ஒண்டு திரியுது அக்கா, அந்தப் பொடியன் வீட்ட வந்து வெசாக் எண்டு சொன்னதால உங்கட வீட்டுக்கும் வரலாம். எங்கட பக்கத்து வீட்டுக்கு வந்த கோல் "சேர் கொழும்பில இருந்து கதைக்கிறன்" எண்டு நல்ல தமிழ்ல, உள்ளுக்கு இருக்கிற ஆள்ட பேர், இலக்கம் எல்லாம் சரியாச் சொல்லி, போன்ல காசு அனுப்பிற ஈசி கேஷ்ல போடச் சொல்லி. பேரும் இலக்கமும் தெரியுதே எண்டு நம்பிட்டாங்க.

மன்னிப்பு ஜனாதிபதி குடுக்கிறது, அரசியலமைப்பில 34ஆம் உறுப்புரை. பிப்ரவரி 4 சுதந்திர தினம், வெசாக், நத்தார் மாதிரி நாளைக்கு ஒரு வரையறை போட்டு, இன்ன இன்ன குற்றத்துக்கு இல்ல, இவ்வளவு காலம் அனுபவிச்சிருக்கணும் எண்டு, அதுக்குப் பொருந்திற ஆக்கள்ட லிஸ்ட் சிறையில இருந்து மேல போகும். காசு குடுத்து ஏத்துறது எண்டா அது குற்றம். 2025 வெசாக்கில அநுராதபுரம் சிறையில லிஸ்டில இல்லாத ஒருத்தரை மன்னிப்பில விட்டதா வெளிவந்து, பெரிய பெரிய அதிகாரிகளையே சிஐடி கைது செஞ்சது எல்லாரும் பேப்பர்ல பாத்ததுதானே. அதுக்குப் பிறகு யாரும் இதில விளையாடினா பிடிபடுறது நிச்சயம், நம்மட ஆளும் சேந்து மாட்டுவார். காசு கேட்டா லஞ்ச ஊழல் ஆணைக்குழுட 1954க்கு அடியுங்க.

---

பழைய கோட்டுக்காரன்:

துறையடித் தம்பி சொன்னது சரி. மன்னிப்பை ஒருநாளும் கணக்கில சேக்கக் கூடாது. வந்தால் வரட்டும், அந்தமாதிரி. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில போடுறது, வெளிநாடு போறது மாதிரி முடிவுகளைக் கடைசித் திகதிய வச்சு எடுங்கோ, நேத்திக்கடனை வேணுமெண்டால் முந்தின திகதிய வச்சு எடுக்கலாம், கோணேசர் ஒண்டும் கோவிக்கமாட்டார்.

இன்னொண்டு, அப்பீல் ஏதும் போட்டியளோ? போட்டிருந்தால் அப்பீல் நிலுவையில இருக்கிற காலம் தண்டனையில சேருமோ இல்லையோ எண்டது அப்பீல் நீதிமன்றத்தின்ர கட்டளையில தங்கியிருக்கு. சிலர் அப்பீலைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பினம், உள்ளுக்கு இருக்கிறவர் தன்ர நாள் ஓடுது எண்டு நினைச்சுக்கொண்டிருப்பார். குற்றத்தை ஒத்துக்கொண்ட வழக்கு எண்டபடியால் உங்களுக்கு அநேகமா இருக்காது, எண்டாலும் கேளுங்கோ.

---

புதுசா_வந்தவள்:

இதில ஒரு கேள்வி நானும் கேக்கலாமா? என்ட அண்ணாவுக்கு இன்னும் தண்டனை வரல்ல, ரிமாண்ட்லதான் இருக்கார், ஐஸ் போதைப்பொருள் கேஸ். அவருக்கு விடுதலைத் திகதி எங்க பாக்கிறது?

---

கந்தளாய்_வீதி:

தங்கச்சி, ரிமாண்ட் எண்டா விடுதலைத் திகதியே கிடையாது, அடுத்த தவணைத் திகதிதான் இருக்கு. பிணை கிடைச்சா அண்டைக்கே வருவார், கிடைக்காட்டி அடுத்த தவணை. ஐஸ் அளவு கூட எண்டா நீதவான் பிணை குடுக்க ஏலாது, மேல்நீதிமன்றத்துக்கோ, அளவு இன்னும் கூடினா மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கோ லோயர் போகணும். யாரும் "இன்ன திகதிக்கு விடுவாங்க" எண்டு ரிமாண்ட் ஆளுக்குச் சொன்னா அதைக் கேட்டு ஒரு சதமும் குடுத்திராதீங்க. லோயருக்கு வசதியில்லாட்டி சட்ட உதவி ஆணைக்குழுட ஒபிஸ் திருகோணமலையில இருக்கு, போய்ப் பாருங்க. உள்ளுக்கு அடிச்சாங்க, மருந்து குடுக்கிறாங்க இல்ல எண்டு ஏதும் இருந்தா மனித உரிமைகள் ஆணைக்குழுட பிராந்திய ஒபிசும் இங்கயே இருக்கு, 1996க்கும் அடிக்கலாம்.

---

உவர்மலை_அக்கா:

எல்லாருக்கும் சொல்ல வார்த்தையில்ல. இந்தக் கிழமை நடந்ததை எழுதுறன், வேற ஆருக்கும் உதவும்.

லோயர்ட கிளார்க் சேர்ட்டிபைட் கொப்பி எடுத்துத் தந்தார். தீர்ப்பில "ஏககாலத்தில் அனுபவிக்கப்படல் வேண்டும்" எண்டு தெளிவா இருக்கு, அந்த வரியை அம்மாவுக்கு நாலஞ்சு தரம் வாசிச்சுக் காட்டினன். ரிமாண்ட் காலம் பத்தி ஒரு சொல்லும் இல்ல. ஆகவே அது கழியாது, அஞ்சு மாசம் போனது போனதுதான், அது கொஞ்சம் மனசு கஷ்டம். அப்பீல் இல்ல.

காப்பு வித்து ரெண்டு தண்டப்பணத்தையும் கட்டியாச்சு. ரசீதை எடுத்துக்கொண்டு போய் வெல்பெயார் ஒபிசரைச் சந்திக்கணும் எண்டு கேட்டன், ஒரு தமிழ் ஒபிசர் இருந்தார், நல்ல மனுசன், காத்திருக்கச் சொல்லிட்டு உள்ளுக்குப் போய்ப் பெரிய புத்தகம் ஒண்டைப் பாத்திட்டு வந்தார். நான் ஐயா சொல்லித் தந்த மாதிரியே முந்தின திகதி என்ன கடைசித் திகதி என்ன எண்டு கேக்க என்னை ஒருக்கா நிமிந்து பாத்தார், "கோட்டில வேலையா" எண்டு கேட்டார். ரெண்டு திகதியும் சொன்னார், எழுதிக்கொண்டன். இப்ப கட்டின தண்டப்பணத்தைப் பதிஞ்ச பிறகு கடைசித் திகதி 2027 மார்ச்சுக்கு வரும், நட்டஈட்டையும் கட்டினா 2026 செப்டம்பர், கழிவு அதிலயும் முந்தும் எண்டார். முந்தின திகதிய இங்க போடல்ல, கண் பட்டிரும் எண்டு அம்மா சொல்றா.

பழைய மோட்டச்சைக்கிள் தண்டம் ஒண்டு கட்டாமத்தான் இருக்கு. தம்பியே தலையைச் சொறிஞ்சுகொண்டு சொன்னான். அது எந்தக் கோட்டில எண்டு லோயர் தேடுறார்.

இப்ப மிச்சம் நட்டஈடு. கம்பெனிக்காரர் தவணைக்குச் சம்மதம் எண்டு வாயால சொல்லியிருக்காங்க. அதை எப்பிடி எழுத்தில எடுக்கிறது, அவங்க கையில நேர காசைக் குடுத்தா சிறையில கணக்குக்கு வருமா?

---

பழைய கோட்டுக்காரன்:

கையில குடுக்கவே வேண்டாம். கம்பெனிக்காரரிட்ட நேரக் குடுத்த காசு கோட்டுக்குத் தெரியாது, கோட்டுக்குத் தெரியாதது சிறைக்குத் தெரியாது. ரெண்டு பக்க லோயரும் சேந்து வழக்கை மோஷன் மூலம் அழைப்பிச்சு, தவணை இணக்கத்தை நீதவானுக்கு முன்னால சொல்லி வழக்கேட்டில பதிவிச்சு, காசைக் கோட்டில வைப்புச் செய்யுங்கோ. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது, ஒவ்வொரு ரசீதின்ர கொப்பியும் சிறைக்கு. மோட்டச்சைக்கிள் தண்டத்தை இதோடயே முடிச்சுப்போடுங்கோ, அதை லேசா விடாதேங்கோ.

---

கிண்ணியா_பாலம்:

அக்கா ரசீதோட அனுப்புற கடிதத்துக்கு சிங்களத்தில ஒரு பக்கம் வேணுமெண்டா எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்க, நான் எழுதித் தாறன், காசு கீசு ஒண்டும் வேணாம். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்மாக்குப் பிறகு.

---

உவர்மலை_அக்கா:

அனுப்பியிருக்கன் தம்பி, பேரை இங்கிலீஸ்லயும் எழுதியிருக்கன், கைதி இலக்கமும் இருக்கு.